பிரம்மசக்தி கண்ணாடியைக் கழற்றிய கதை

மேலப்பொத்தை ஊரில் பிரம்மசக்தி கண்ணாடியைக் கழற்றினால் தூரத்தில் இருப்பது கிட்டே வந்துவிடும் என்பது, வெயில் அடித்தால் வடகம் காயும் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்களே தவிர உள்ளூரில் யாரும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியது கிடையாது. அவளுடைய வெறுங்கண்ணுக்கு மூக்கு நுனியிலிருந்து ஒரு சாண் வரைக்கும்தான் தெளிவு, அதற்கு அப்பால் இருக்கும் எதையாவது பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால் போதும், அது கிளம்பி வந்து அந்த ஒரு சாணில் நின்றுவிடும். அஞ்சாம் வகுப்பில் கண் மங்கத் தொடங்கிய புதிதில், கரும்பலகை சுவரிலிருந்து கழன்று பெஞ்சுகளைத் தாண்டி சாக்பீஸ் தூளோடு அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றபோது, கணக்கு டீச்சர் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒங்க அப்பாட்ட சொல்லி நாளைக்கே கண்ணாடி வாங்கிப் போடுளா, மத்த பிள்ளைக எதப் பாத்து எழுதும்?" என்று கேட்டதோடு சரி. கண்ணாடி வந்தது, கரும்பலகை சுவருக்குப் போனது, கண்ணாடி மூக்கில் இருக்கும் வரைக்கும் உலகம் அதனதன் இடத்தில் இருந்தது.

கண்ணாடியோடு முகம் கழுவ முடியாது, கண்ணாடியோடு தலைக்கு ஊற்ற முடியாது, ஆகவே தினமும் கொஞ்ச நேரம் அவள் கண் வெறுங்கண்ணாக இருந்தே தீர வேண்டும், அந்தக் கொஞ்ச நேரத்தை ஊர் வீணாக்கவில்லை. காலையில் அவள் செம்பில் தண்ணீர் மோக்கும் சத்தம் கேட்டதுமே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பிரம்மு, டவுன் பஸ்ஸ இன்னும் காணல, அதயும் ஒரு பார்வ பாத்துரேன்" என்று குரல் வரும், அவள் பஸ்ஸை நினைப்பாள், எங்கேயோ டீக்கடையோரம் நின்ற பஸ் கையில் கிளாஸோடு டிரைவரையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும், டிரைவர் முனகிக்கொண்டே மிச்ச டீயைக் குடித்துவிட்டு ஆளேற்றுவார். பிரசவ வலிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, காணாமல்போன ஆடு வந்தது, மழை பொய்த்த ஒரு ஐப்பசியில் மலைமேல் நின்ற மேகம் வந்து அவள் தெருவில் மட்டும் பெய்து மாடியில் காய்ந்த வற்றலையெல்லாம் நனைத்தது, வற்றல்காரிகளிடம் அவள் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்கு வடக்கே இருக்கும் ஆனைப்பொத்தை என்கிற கல்குன்றுகூட ஒருநாள் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, அதிலிருந்து அவள் வீட்டுக்கு எதிரே யாரும் பந்தல் போடுவதில்லை. கால் இல்லாதவை அவள் கண்ணாடியை மாட்டியதும் தாமாகவே திரும்பிவிடும், காலோ சக்கரமோ உள்ளவை தம் வழியைத் தாமே பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். எது வந்தாலும் கூடி நிற்பவர்கள் "வந்துட்டு, வந்துட்டு" என்று கைதட்டுவார்கள், அதுவும் வழக்கமாகிவிட்டது.

ஊருக்கு இது வரம், அவளுக்கு அப்படியில்லை. அவள் புருஷன் மாசானம் நாக்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முகம் கழுவும்போது புருஷனை நினைக்காத பெண்டாட்டி உண்டா, கல்யாணமான புதிதில் வேறு, அவள் ஒருநாள் நினைத்தாள், அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க அடுப்படியில் வந்து நின்றான், லாரி நாக்பூர் சாலையில் தனியாக நின்றது. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும் முதலாளி அவனை அனுப்பிவிட்டார். இப்போது மாசானம் உள்ளூரிலேயே லோடு ஆட்டோ ஓட்டுகிறான், "அவ நெனச்சாலும் தெருமுக்குல இருந்துதான வரணும், கெட்டா போச்சு" என்று சிரிப்பான், சிரித்துவிட்டு வடக்கே போகும் லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அதையும் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது மகள் இளவேணி விஷயத்தில்தான். கண்ணாமூச்சி விளையாட்டில் ஒருநாளும் ஒளிய முடியாத பிள்ளை அது, எங்கே பதுங்கினாலும் அம்மா மூக்கைத் துடைக்கிற சமயமாகப் பார்த்து இழுபட்டு வந்துவிடும், ஆனால் ஓட்டத்தில் அதை அடிக்க அந்த வட்டாரத்தில் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் இளவேணி எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தாள், சித்திரை வெயில், பிரம்மசக்திக்கு வியர்த்து ஊற்றிக் கண்ணாடி முழுக்க ஈரம், பிள்ளையைச் சரியாகப் பார்க்க வேண்டுமே என்ற பதற்றத்தில் ஒரு நொடி கழற்றி முந்தானையில் துடைத்தாள், அவ்வளவுதான், எல்லைக் கயிற்றைத் தொட இன்னும் இரண்டு எட்டே இருந்த பிள்ளை ஓடின காலோடு தாய் மடியில் வந்து விழுந்தது. ஊரே "வந்துட்டு, வந்துட்டு" என்று கைதட்டியது. இளவேணி மூச்சு வாங்கிக்கொண்டே தலையைத் தூக்கிக் கயிறு இருந்த திசையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், "இனிமே நான் ஓடுத எடத்துக்கு நீ வராதம்மா" என்றாள், அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பிரம்மசக்தி பொறுத்திருப்பாள், அவள் கெஞ்சிச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை எங்கே போனாலும் கதவு நிலையையோ வேலிக்கம்பையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றது. ஓடுவதையே விட்டுவிட்டது.

பிரம்மசக்தி ஒரு வாரம் தையல் மிஷினில் உட்காராமல் யோசித்தாள். கண்ணுக்குள் ஒட்டும் லென்ஸை முன்பே போட்டுப் பார்த்திருக்கிறாள், அந்த ஊர்த் தூசிக்குக் கண் கோவைப்பழமாகச் சிவந்ததுதான் மிச்சம். லேசர் சிகிச்சை என்று ஒன்று இருப்பதும் அதைச் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாம் என்பதும் அவளுக்குத் தெரியும், அதில் கண் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும், ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்குக் கண்தான் கை, கண்தான் கால். பயம் ஒரு பக்கம் இழுத்தது, பிள்ளை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கோலம் மறுபக்கம் இழுத்தது. "தூரத்துல இருக்கத தூரத்துலயே வச்சிப் பாக்கணுங்க. அது ஒண்ணுதாம் எனக்கு வேணும்" என்று மாசானத்திடம் சொன்னாள். மாசானம் தலையாட்டினான்.

சேதி பரவியதும் ஊர் கூட்டம் போட்டது. பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளத்துரை நல்ல மனுஷர், கெட்ட காரியத்தையும் நல்லவிதமாகச் சொல்லத் தெரிந்தவர். "பிள்ளைக்காக நீ தவிக்கது நியாயந்தாம்மா, நாங்க இல்லங்கல. ஆனா பஸ்ஸ யாரு கூப்பிடுவா, ஆம்புலன்ஸ யாரு கூப்பிடுவா? அதனால ஊரு கூடி ஒரு முடிவு எடுத்திருக்கோம். ஒரு கண்ணுல ஆப்பரேசன் வச்சிக்கிடு, இன்னொரு கண்ண ஊருக்கு விட்டுரு" என்றார். ஊர் மொத்தமும் இது ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று தலையசைத்தது. கண்ணைப் பங்கு பிரித்த பஞ்சாயத்து உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்குமா தெரியாது, ஆனால் பிரம்மசக்திக்கே அது அப்போது தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்தது எந்த டாக்டர் என்பது. ஆளுக்கொரு மச்சான், மச்சானுக்கொரு டாக்டர் என்று பேச்சு பெருகி, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மதுரையில் கிருபாகர், பஸ் ஸ்டாண்டு விளம்பரப் பலகையில் சிரிக்கிறவர். நாகர்கோவிலில் நவநீதன், வெளிநாட்டில் படித்தவர். பாளையங்கோட்டையில் எஸ்தர் ரஞ்சிதம், அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்த ஒரே விஷயம் அவரே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்பது. "கண்ணு டாக்டருக்கே கண்ணாடின்னா அவிய நம்ம கண்ண என்னத்தச் செரியாக்குவாவ?" என்று ஊர் அந்தப் பெயரைக் கடைசியில் வைத்தது. அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று முடிவானது, மூன்று இலைப்பொட்டலத்தில் மூன்று நிறப் பூவை மடித்துப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும், வருகிற பூவுக்கு உரிய டாக்டர் அம்மன் உத்தரவு. பார்த்து எடுத்தால் உத்தரவு பலிக்காது என்று பூசாரி அவள் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், யாருக்கும் அது உறைக்கவில்லை, அவள் கழற்றினாள், மூன்று பொட்டலமும் ஒன்றாகப் பறந்து வந்து அவள் மூக்கில் ஒட்டிக்கொண்டன. பூசாரி தலையைச் சொறிந்துவிட்டு, அம்மன் மூன்று பேரையும் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள் என்றார்.

மதுரையில் ஏசி சில்லென்று இருந்தது, சுவர் முழுக்கக் கண்ணாடியைத் தூக்கி எறிகிறவர்களின் படங்கள். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், பலகை எதிர்ச்சுவரிலிருந்து கிளம்பி அவள் முகத்துக்கு வந்தது, அவள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாள், குனிந்து எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிராமலேயே "குட்" என்றாள். டாக்டர் கிருபாகர் வாசற்படி வரைக்கும் வந்தார், நின்றபடியே பேசினார். "பத்தே நிமிஷம்மா. வலியே இருக்காது. நாளைக்கே பண்ணிடலாம்."

"ஆபத்து ஏதும் உண்டுமா சார்?" என்று கேட்டாள் பிரம்மசக்தி.

"ஒண்ணுமே கிடையாது. எல்லாத்தையும் மெஷின் பாத்துக்கும்."

"அப்போ நீங்க எதுக்கு சார்?" என்று மாசானம் கேட்டான், நக்கலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பிரம்மசக்திக்குப் பகீரென்றது. பலகை நடந்து வந்ததை அங்கே யாருமே பார்க்கவில்லை. அவள் கண்ணின் அளவு எதுவோ, அது இல்லாத ஒரு அளவை எழுதி வைத்துக்கொண்டு அந்த அளவுக்குக் கண்ணைச் சுட்டிருப்பார்கள்.

நாகர்கோவில் டாக்டர் நவநீதன் பார்த்துவிட்டார். பலகை கிளம்பியதுமே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, சின்ன டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பலகையை வரவழைத்து வரவழைத்து செல்போனில் படம் பிடித்தார், நல்ல மனுஷர், அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், மாநாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். "கண்ணுக்கு ஒண்ணும் ஆயிராதே சார்?" என்று அவள் கேட்டதற்கு, "உங்கள மாதிரி கேஸ் உலகத்துலயே கிடையாதும்மா, பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார், அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் மாசானம் அவள் கையைப் பிடித்து, "எந்திரிளா, போவம்" என்றான். தின்பண்டத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி அந்த ஆள் தன் பெண்டாட்டியின் கண்ணைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பாளையங்கோட்டைக்கு அவள் நம்பிக்கை இல்லாமல்தான் போனாள். பழைய கட்டடம், மின்விசிறி கிறீச்சிட்டது, டாக்டர் எஸ்தர் ரஞ்சிதம் ஊர் சொன்னபடியே தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார், அளவு எடுக்கும் வேலையை அவரே செய்தார். பலகை கிளம்பியது. டாக்டர் எழுந்து, பாதி வழியில் அதை மறித்து, முரண்டு பிடிக்கிற கன்றுக்குட்டியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தி, தோளை முட்டுக்கொடுத்து நின்றார்.

"இது இங்கதான் நிக்கும். இப்ப வாசிங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

பிரம்மசக்தி கண்ணை இடுக்கினாள். வெள்ளையாக ஏதோ இருந்தது, அதில் கறுப்பாக ஏதோ இருந்தது, அதற்குப் பக்கத்தில் புடவை நிறத்தில் டாக்டர் இருந்தார். "தெரியல டாக்டர்" என்றாள். சொன்னதும் அவளுக்கு நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, ஏனென்றால் கண் மங்கிய நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே வந்ததில்லை.

"நல்லது. தெரியாதது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் நான் வேலையத் தொடங்க முடியும்" என்றார் டாக்டர்.

பிறகு மற்ற சோதனைகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற இரண்டு பேரும் சொல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளுடைய கருவிழி மெல்லிசு, ஆனாலும் போதும், இன்னும் கொஞ்சம் மெல்லிசாக இருந்திருந்தால் வேண்டாம் என்று அனுப்பியிருப்பேன் என்றார். சில மாதம் கண் காய்ந்துபோகும், சொட்டு மருந்து விட வேண்டும், சிலருக்கு அது நீங்காமலே போகலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கிருமி தொற்றினால் பார்வைக்கே கேடு, அபூர்வம்தான், ஆனால் நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். "இப்போ கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறீங்க இல்ல? நாப்பது தாண்டினா அதுக்குக் கண்ணாடி வேணும். தைக்கறவங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். நல்லபடி ஆனவர்களைப் பற்றிப் பேசாமல், மருந்துக் கடையில் நிற்கும் சுயம்புவைக் கூப்பிட்டு, தன்னிடமே சிகிச்சை செய்துகொண்டு இன்னமும் தினம் சொட்டு மருந்து விடுகிற அவனோடு அவர்களைப் பேசவிட்டு வெளியே போனார். சுயம்பு, கஷ்டம்தான், ஆனாலும் தெரிந்துதான் செய்துகொண்டேன் என்றான்.

டாக்டர் திரும்பி வந்ததும் மாசானம் தயங்கித் தயங்கி ஊர்க் கேள்வியைக் கேட்டான். "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர், நீங்களே ஏன் கண்ணாடியோட இருக்கிய?"

"என் கண்ணு காய்ஞ்ச கண்ணு. இதுக்கு அது ஒத்துவராது. வேற யாராவது இந்தக் கண்ணோட வந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், அதையே எனக்கும் சொல்லிக்கிட்டேன்" என்றார். பிரம்மசக்தி அந்த நொடியில் தீர்மானித்துவிட்டாள். தன் கண்ணுக்கே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் இன்னொருத்தி கண்ணைப் பாழாக்க மாட்டார் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு கண்ணை ஊருக்கு விடும் ஏற்பாட்டைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "செய்யலாம். ஒரு கண்ணு இழுக்கும், ஒரு கண்ணு இழுக்காது, தலை சுத்தும், அதுவும் பழகிடும். ஆனா உங்க பொண்ணு கதவ விடுவாளா?" என்று கேட்டார். "மாட்டா. ரெண்டு கண்ணுக்கும் பண்ணிருங்க டாக்டர்" என்றாள். டாக்டர் தொடர்ந்து, "இன்னொரு விஷயம். லேசர் மெஷின்ல ஒரு பச்சை விளக்கு இருக்கும், அத நீங்க அசையாம பாக்கணும். அது கிளம்பி உங்ககிட்ட வந்தாலோ, நீங்க யாரையாவது நினைச்சு அவங்க உள்ள வந்து நின்னாலோ, நான் மெஷின நிறுத்திடுவேன், அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்பிடுவேன். விளக்க நான் பாத்துக்கறேன். மத்ததையெல்லாம் ஊர்ல யாராவது பிடிச்சு வைக்கணும்" என்றார்.

ஆகவே ஊர் மறுபடி கூடியது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது, ஊரை மறந்துவிட்டாள் என்றது ஒரு குரல், பஸ் என்றது இன்னொரு குரல். அப்போது வெள்ளத்துரையின் மனைவி பூரணத்தம்மாள் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "எம் மவன சிங்கப்பூர்ல இருந்து கூப்பிடச் சொன்னவ நாந்தாம். ரெண்டு தடவ வந்தான், தலையில தொப்பியோட வீட்டு முத்தத்துல நின்னான், நானும் கறியெடுத்துக் கொழம்பு வச்சேன், எல்லாரும் கைதட்டுனிய. வேலை போச்சு. அது போனாப் போவுது. இப்போ அவன் எங்கயும் போவ மாட்டேங்கான், பாதி வழில இழுத்துருவாவளோன்னு வீட்டுக்குள்ளயே கெடக்கான். கூப்பிட்டு வரவச்சிட்டேன், அனுப்பத் தெரியல எனக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெள்ளத்துரை கைதட்டிய தன் கைகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "அப்போ என்னத்தயெல்லாம் கெட்டிப் போடணும்னு சொல்லுதாவ அந்த டாக்டரம்மா?" என்று கேட்டார்.

கட்டிப்போட்டார்கள். வருவதற்குக் கைதட்டிய ஊர், வராமல் பிடித்துவைப்பதற்கு அப்படிப் பாடுபட்டதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸின் சக்கரம் எல்லாவற்றையும் சங்கிலியால் புளியமரத்தோடு பிணைத்தார்கள், டிரைவர் தானாகவே வந்து பூட்டைச் சரிபார்த்தார். ஆனைப்பொத்தையின்மேல் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பாரமேற்றினார்கள், வற்றல்காரிகளும் பழைய வசவை மறந்து வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மாசானத்தைப் பெஞ்சோடு சேர்த்து வேட்டியால் கட்டி, அவன் மடியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். இளவேணியைப் பள்ளிக்கூடத்தில் நடுவில் நிறுத்தி, அவள் இடுப்பை டீச்சர் பிடிக்க, டீச்சர் இடுப்பை ஒரு பிள்ளை பிடிக்க, அந்தப் பிள்ளையை இன்னொரு பிள்ளை பிடிக்க, வரிசை கொடிக்கம்பம் வரைக்கும் போய்ச் சுற்றியது.

ஆபரேஷன் தியேட்டரில் பிரம்மசக்தி படுத்திருந்தாள். சொட்டு மருந்தில் கண் மரத்துப்போனது, இமையை ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது, மேலே பச்சையாக ஒன்று மினுங்கியது, அது மெல்ல இறங்கத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள். "அதத் தெளிவாப் பாக்கணும்னு ஆசைப்படாதீங்க. மங்கலாத்தான் இருக்கும். மங்கலாவே பாருங்க, போதும்" என்று டாக்டரின் குரல் காதருகே வந்தது. தெளிவாகப் பார்க்க ஆசைப்படாமல் பார்ப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மங்கலாக இருக்கட்டும் என்று விட்டாள். பச்சை விளக்கு தயங்கி, நின்று, தன் இடத்துக்கே ஏறியது. மெஷின் டக்டக்கென்றது, முடி பொசுங்குகிற வாசனை வந்தது, ஒரு கண் முடிந்தது. இரண்டாவது கண்ணில்தான் சோதனை வந்தது, கண் போய்விட்டால் பிள்ளை முகத்தையும் இந்த ஊரையும் இனி எப்போது பார்ப்பேன் என்று அவளையும் மீறி நினைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஊரில் சங்கிலி கிறீச்சிட்டது, பஸ் புளியமரத்தை உலுக்கியது, பொத்தைமேல் இருந்தவர்கள் பாயை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இளவேணியின் கால் தரையை விட்டு எழும்பியது, டீச்சரின் கால் எழும்பியது, பிள்ளைகள் அலறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் இறுக்கினார்கள், வரிசை காற்றாடி வால் மாதிரி ஆடியது, கொடிக்கம்பம் வளைந்தது. இளவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போவல, நான் போவல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று இழுப்பு விட்டது, எல்லாரும் பொத்தென்று மணலில் விழுந்தார்கள். பாளையங்கோட்டையில் டாக்டர் எஸ்தர் ரஞ்சிதம் மெஷினை அணைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் கண்ணை மூடியிருந்த மறைப்பைக் கழற்றி எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். பலகை சுவரிலேயே இருந்தது, பிரம்மசக்தி அதை அங்கேயே வைத்து வாசித்தாள், கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வந்தாள், கடைசி வரிக்குத் "தெரியல" என்றாள், டாக்டர் அதற்கும் தலையசைத்தார். கண்ணில் மணல் உறுத்திற்று, இரவில் தெருவிளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது, நாள் போகப்போக வளையம் சிறுத்தது, சொட்டு மருந்து மட்டும் நிற்கவில்லை. ஊர் காத்திருக்கப் பழகியது. பஸ் ஸ்டாப்பில் நின்று பஸ்ஸைத் திட்டுவதில் ஒரு சுகம் இருப்பதை மேலப்பொத்தைக்காரர்கள் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள், ஆம்புலன்ஸ் வேண்டுமென்று வெள்ளத்துரை நாலு ஆபீஸ் ஏறி இறங்கி ஒன்றை ஊரிலேயே நிறுத்தவைத்தார். பூரணத்தம்மாளின் மகன் ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான், ஊர் எல்லை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஆனால் இளவேணி மட்டும் நிலைக்கதவை விடவில்லை. பலகை வரவில்லை என்றால் பலகைமேல் அம்மாவுக்கு என்ன ஆசை, பஸ் வரவில்லை என்றால் பஸ்மேல் என்ன ஆசை, தன்மேல்தான் அவளுக்கு ஆசை அதிகம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருந்தது, கணக்கு தப்பென்றும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை காலை அது தானாகவே வந்து, "நான் ரோட்டுக் கடைசிக்குப் போறேன். நீ இங்க இருந்தே பாரு. நல்லா நெனச்சுப் பாரு" என்றது. சொல்லிவிட்டு வேலிக்கம்பு வேலிக்கம்பாகப் பிடித்துக்கொண்டே போய், ரோட்டுக் கடைசியில் கரண்ட் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றது.

பிரம்மசக்தி வாசலில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்து ஆசையையும் கூட்டி, வயிற்றில் சுமந்த நாளிலிருந்து நினைத்ததையெல்லாம் திரும்ப நினைத்து, வா என்று பார்த்தாள். பிள்ளை அங்கேயே இருந்தது. சின்னதாக, சுண்டுவிரல் அளவுக்கு, ஆனால் சிவப்பு ரிப்பன் தெரிகிற தெளிவோடு, ஒரு செருப்பின் வார் அவிழ்ந்திருப்பது தெரிகிற தெளிவோடு அங்கேயே இருந்தது. பிரம்மசக்திக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, கண்ணைத் தேய்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே வழியவிட்டாள்.

இளவேணி ஒரு கையை விட்டாள். கொஞ்சம் பொறுத்து மறு கையை விட்டாள். கண்ணைத் திறந்து, தான் நின்ற இடத்தையும் தூரத்து அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கம்பத்தடியில் போட்டாள். பிறகு அம்மாவை நோக்கி ஓடி வரத் தொடங்கினாள்.

எல்லாம் சட்டென்று எதிரே வந்து நின்றுதான் பிரம்மசக்தி பார்த்திருக்கிறாள், வெறுங்கண்ணால் எதுவும் வருவதைப் பார்த்ததில்லை. சுண்டுவிரல் அளவு இருந்த பிள்ளை கை அளவு ஆனது, கை அளவு இருந்தது ஆளுயரம் ஆகிக்கொண்டு வந்தது, புளியமர நிழலில் ஒரு தடவை இருண்டு வெயிலில் மறுபடி பளிச்சென்றது, ரிப்பன் ஒன்று அவிழ்ந்து பின்னால் பறந்தது, பாதத்திலிருந்து புழுதி கிளம்பியது, பல்லைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. யாரும் இழுக்காமல் அவள் வந்துகொண்டிருந்தாள், பிரம்மசக்தி அந்த வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே நின்றாள்.